பருத்தியா, பாலியெஸ்டரா? வியர்வையிடமும் நெருப்பிடமும் கேளுங்கள்



தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் என்றால் தேக்கா, கோலாலம்பூர் என்றால் மஸ்ஜிட் இந்தியா. ஒரு துணிக்கடைக்குள் ஒரு குடும்பம் நுழைகிறது. அம்மா, பள்ளிக்குப் போகும் மகன், நான்கு வயது மகள், கூடவே மாமியார். கடைக்காரர் ஜொலிக்கும் பாவாடை சட்டை ஒன்றை விரித்துப் போடுகிறார்.

"இது என்ன துணி அண்ணே?" என்று அம்மா கேட்கிறார்.

"ஆர்ட் சில்க் அக்கா. பட்டு மாதிரியே இருக்கும், துவைக்கிறதும் சுலபம்."

மாமியார் துணியை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்க்கிறார். "இது நைலான் மாதிரி இருக்கும்மா. பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டும். காட்டன் எடு" என்கிறார். அம்மாவுக்கோ காட்டன் என்றாலே இஸ்திரிப் பெட்டிதான் ஞாபகத்துக்கு வருகிறது.

இந்த மூவரில் யார் சொல்வது சரி? இயற்கை இழையா, செயற்கை இழையா என்ற இன்றைய கேள்விக்கு மேடையில் பதில் தேடுவதைவிட அந்தக் கடையில் தேடுவது நல்லது. மேடையில் பருத்தியின் பக்கம் பேசுகிறவருக்குக் கைதட்டல் நிச்சயம். காந்தியடிகள், கைராட்டை, கைத்தறி நெசவாளர் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால், கைதட்டுகிறவர்கள் தங்கள் சட்டைக் கழுத்துக்குப் பின்னால் தைத்திருக்கும் சிறு துண்டைத் திருப்பிப் படித்தால், பலரும் பாலியெஸ்டர் அணிந்து வந்திருப்பது தெரியும். 2023ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 12 கோடியே 40 லட்சம் டன் இழை உற்பத்தியானது. அதில் பாதிக்கும் மேல் பாலியெஸ்டர். பருத்தியின் பங்கு ஐந்தில் ஒன்றுதான். ஆகவே, "செயற்கை வேண்டாம்" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்வது உலக நடப்புக்கு ஒத்து வராது. எந்தத் துணியை எந்த நேரத்தில் யாருக்குப் போடுவது என்பதே வீட்டுக்குப் பயன்படும் கேள்வி.

முதலில் யார் யார் எந்தக் குடும்பம் என்று பார்த்துவிடுவோம். பருத்தி ஒரு செடியின் விதையைச் சுற்றி வளரும் பஞ்சு. லினன் என்பது ஆளிச் செடியின் தண்டிலிருந்து கிடைக்கும் நார். பட்டு, புழு கட்டும் கூட்டிலிருந்து வருவது. கம்பளி, ஆட்டின் ரோமம். இவை இயற்கை இழைகள். நைலானை அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் 1935இல் உருவாக்கினார்கள். பாலியெஸ்டர் இழையை 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். தாத்தா காலத்து 'டெரிலின்' சட்டை அதுதான். இவற்றுக்கும் அக்ரிலிக்குக்கும் மூலப்பொருள் பெட்ரோலியம். கேமரன் மலைக்குப் போகும்போது 'கம்பளிச் சட்டை' என்று வாங்கி வருவதில் பலவும் இந்த அக்ரிலிக்தான்.

இரண்டு குடும்பத்துக்கும் நடுவே ஒருவர் உண்டு. அவர் பெயர் ரேயான், விஸ்கோஸ் என்றும் சொல்வார்கள். மரக்கூழை ரசாயனத்தில் கரைத்து, மிக நுண்ணிய துளைகள் வழியே பிழிந்து நூலாக்குவது. பிறப்பு மரத்தில், வளர்ப்பு தொழிற்சாலையில். இவரை எந்த அணியில் சேர்ப்பது என்று நடுவருக்கே குழப்பம் வரும்.

செயற்கைத் துணியைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒரு பழைய கதையை நினைத்துப் பார்க்க வேண்டும். ரஜூலா, சிதம்பரம் என்ற கப்பல்கள் இங்கிருந்து நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் போய்வந்த காலம். ஊருக்குப் போகிறவர்களின் இரும்புப் பெட்டிக்குள் கோடாலித் தைலமும் நைலான் சேலையும் கட்டாயம் இருக்கும். ஆறு கஜத் துணி ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிறதே என்று ஊரில் வியந்து பார்ப்பார்கள். அக்கா தங்கைக்கு, அண்ணிக்கு, அத்தைக்கு என்று கணக்குப் பார்த்து வாங்கிக்கொண்டு போவார்கள். ஒரு சேலை குறைந்துவிட்டால் அந்தப் பக்கத்து உறவே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்த நாளில் நைலான் என்பது கௌரவம், வெளிநாட்டின் வாசனை.

அது வெறும் பகட்டு என்று ஒதுக்கிவிடுவதும் நியாயமாகாது. தோட்டப்புறத்தில் விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரட்டுக்கு நிற்க வேண்டிய பெண், பருத்திச் சேலைக்குக் கஞ்சி போட்டு, காய வைத்து, கரி இஸ்திரிப் பெட்டியில் தேய்ப்பது எப்போது? மழைக்காலத்தில் பருத்தித் துணி இரண்டு நாளானாலும் கொடியில் ஈரமாகத் தொங்கும். நைலான் சேலை அலசிப் போட்ட சற்று நேரத்தில் உலர்ந்துவிடும், சுருக்கமும் விழாது. "அந்தக் காலத்துப் பருத்தி போல வருமா!" என்று பெருமூச்சு விடும் ஆண்களில் எத்தனை பேர் அதற்குக் கஞ்சி போட்டிருப்பார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். செயற்கை இழை வீட்டுக்குள் வந்ததற்கு, அது பெண்களின் நேரத்தை மிச்சப்படுத்தியது ஒரு பெரிய காரணம்.

சரி, மாமியாரின் புகாருக்கு வருவோம். வேர்க்கும் என்றாரே, அது உண்மையா?

உண்மைதான். பருத்தி இழைக்குத் தண்ணீர் மீது தீராத ஆசை. 20 பாகை வெப்பமும் 65 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில், உலர்ந்த பருத்தி 100 கிராம் இருந்தால், காற்றிலிருந்தே 7 முதல் 8 கிராம் வரை நீரை உறிஞ்சித் தனக்குள் வைத்துக்கொள்ளும். தொட்டால் ஈரம் தெரியாது. பட்டும் ரேயானும் அதைவிடக் கூடுதலாக, 11 கிராம் வாக்கில் பிடித்து வைக்கும். நைலான் 4 கிராம். பாலியெஸ்டரோ அரை கிராம்கூட எடுக்காது. நெருக்கமாக நெய்த பாலியெஸ்டர் ரவிக்கை போட்டவருக்கு வியர்வை போக வழி தெரியாமல் தோலோடு பிசுபிசுப்பதற்குக் காரணம் இதுதான். அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவர், சமையலறையில் நிற்கிறவர், கைக்குழந்தை, வயதான பெரியவர் ஆகியோருக்குச் சிறு வியர்வை சிறுகச் சிறுக வந்துகொண்டே இருக்கும். அந்த வியர்வையை வாங்கி வைத்துக்கொள்ள மெல்லிய பருத்திக்கு ஈடு கிடையாது. மாமியாரின் இரண்டு விரல்கள் சொன்னது சரியான தீர்ப்பு.

ஆனால் பேரன் பந்து விளையாடப் போகும்போது கதை மாறிவிடுகிறது. வியர்வை ஆறாகப் பெருகும் நேரத்தில் பருத்தியின் நல்ல குணமே அதற்கு எதிரியாகிறது. வாங்கிய நீரை அது விடுவதில்லை. சட்டை கனத்துத் தொங்கும், முதுகில் ஒட்டும். அதிலும் நம் ஊர்க் காற்றைச் சொல்ல வேண்டுமா? சிங்கப்பூரின் ஆண்டு சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடிகாலையில் அது 90ஐத் தாண்டும். காற்றே நனைந்திருக்கும்போது நனைந்த பருத்தி எங்கே உலர்வது?

விளையாட்டுச் சட்டை செய்கிறவர்கள் இங்கேதான் மூளையைப் பயன்படுத்தினார்கள். பாலியெஸ்டர் நூல் நீரைக் குடிக்காது, சரி. நீர் தன் மேல் ஓடிப் போகவாவது விடலாமே! இழையை உருண்டையாகச் செய்யாமல், அதன் நீளத்துக்கும் பள்ளங்கள் இருக்கும்படி வார்த்தெடுத்தார்கள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல வியர்வை அந்தப் பள்ளங்களின் வழியே ஏறி, துணியின் வெளிப்பக்கம் பரவி, சீக்கிரம் காய்ந்துவிடும். கூடவே, காற்று புகும்படி துளைத் துளையாகப் பின்னினார்கள். ஒரே பாலியெஸ்டர்தான், ஒரு வடிவத்தில் புழுக்கம், இன்னொரு வடிவத்தில் குளிர்ச்சி.

இதற்கு நல்ல சாட்சி 2023ஆம் ஆண்டின் வெயில். அந்த ஆண்டு ஏப்ரலில் மலேசியக் கல்வி அமைச்சு, வெப்பம் காரணமாக மாணவர்கள் சீருடைக்குப் பதிலாக விளையாட்டு உடையில் பள்ளிக்கு வரலாம் என்று அனுமதித்தது. மே 13ஆம் தேதி சிங்கப்பூரின் அங் மோ கியோவில் 37 பாகை செல்சியஸ் பதிவானது. 40 ஆண்டுகளில் அந்த அளவைத் தொட்டதில்லை. அங்கேயும் பல பள்ளிகள் உடற்பயிற்சி உடைக்கு அனுமதி கொடுத்தன. அந்த உடற்பயிற்சி உடை என்ன துணி? பெரும்பாலும் முழுப் பாலியெஸ்டர்! வெயில் கொளுத்தியபோது பிள்ளைகள் கலப்புத் துணிச் சீருடையிலிருந்து தப்பித்துச் செயற்கை இழைக்குள் புகுந்தார்கள் என்பது மாமியார் அணிக்குச் சற்றுச் சங்கடமான செய்திதான்.

அவர்களுக்கு ஆறுதலாக ஒன்றும் உண்டு. விளையாடி முடித்த பாலியெஸ்டர் சட்டையைப் பையில் சுருட்டி வைத்து மறுநாள் திறந்து பார்த்த தாய்மார்களுக்கு அந்த வாடை தெரியும். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தினர் 2014இல் இதை ஆராய்ந்தார்கள். 26 பேரைக் கடுமையாகச் சைக்கிள் மிதிக்க வைத்து, அவர்களுடைய சட்டைகளை ஒரு நாள் கழித்து முகர்ந்து பார்க்க ஆட்களை வைத்தார்கள் (பாவம், அந்த ஆட்கள்!). பருத்தியைவிடப் பாலியெஸ்டர்தான் மோசமாக நாறியது. வாடையை உண்டாக்கும் ஒருவகைக் கிருமி பாலியெஸ்டரில் செழித்து வளர்ந்ததையும் கண்டார்கள். எனவே அந்தச் சட்டையை அன்றைக்கே அலசிப் போடுவதுதான் முறை.

அப்படியானால் பள்ளிச் சீருடை? அதுதான் எல்லாரையும்விட நீண்ட நேரம் பிள்ளையின் உடம்பில் இருப்பது. வெள்ளைச் சட்டை, நீல சிலுவார், பாஜு கூரோங் எல்லாம் கடையில் கிடைப்பது பெரும்பாலும் பாலியெஸ்டரும் பருத்தியும், அல்லது பாலியெஸ்டரும் ரேயானும் கலந்தவை. 65–35 என்ற கலப்பு மிகப் பழக்கமானது. பாலியெஸ்டர் சுருக்கத்தைத் தடுக்கிறது, நீண்ட நாள் உழைக்கிறது. பருத்தி ஓரளவு வியர்வையை வாங்கிக்கொள்கிறது. சமரசம் என்றே சொல்லலாம். இதில் தாய்மார்கள் கவனிக்க வேண்டியது சதவீதக் கணக்கு மட்டுமன்று. துணியைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நெசவு எவ்வளவு நெருக்கம், எவ்வளவு கனம் என்பது தெரியும். கனமான முழுப் பருத்தி ஜீன்ஸ் துணியைவிட, மெல்லிய கலப்புத் துணி இந்த ஊர் வெயிலுக்குச் சுகமாக இருக்கும். "நூறு விழுக்காடு காட்டன்" என்று எழுதியிருப்பதாலேயே ஒரு துணி குளிர்ந்துவிடாது. அளவும் முக்கியம். அடுத்த வருடத்துக்கும் ஆகும் என்று ஒரு சுற்றுப் பெரிதாக வாங்குகிற பழக்கத்தில் ஒரு நன்மை, உள்ளே காற்று நடமாடும்.

வேர்க்குருவுக்கு இழையை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. வியர்வைத் துவாரம் அடைபடுவதால் வருவது அது. நனைந்த சட்டை, பருத்தியானாலும் பாலியெஸ்டரானாலும், மணிக்கணக்கில் உடம்பில் ஒட்டிக்கிடந்தால் வேர்க்குரு வரும். புத்தகப் பையில் மாற்றுச் சட்டை ஒன்று வைத்து அனுப்புகிற தாய், பாதிப் பிரச்சினையை அங்கேயே தீர்த்துவிடுகிறார்.

அடுத்தது துவைப்பு. சிங்கப்பூரில் டோபி காட் என்ற இடம் எல்லாருக்கும் தெரியும், இன்று பெருவிரைவு ரயில் நிலையம். அந்தக் காலத்தில் சலவைத் தொழிலாளர்கள் ஓடையில் துணி துவைத்த இடம் என்பதால் வந்த பெயர். கல்லில் ஓங்கி ஓங்கி அடித்தும் துணி எப்படித் தாங்கியது? பருத்தி நனைந்தால் உறுதி கூடும். காய்ந்திருக்கும்போது இருப்பதைவிட நனைந்தபோதுதான் அதற்குப் பலம் அதிகம். ரேயான் அதற்கு நேர் எதிர். நனைந்தால் ஏறத்தாழப் பாதி பலத்தை இழந்துவிடும். அந்தக் கல்லில் ரேயான் சேலையை அடித்திருந்தால் நார் நாராகத்தான் வீட்டுக்கு வந்திருக்கும். இன்றைக்குப் பூப்போட்ட ரேயான் சுடிதார்கள் நான்கைந்து துவைப்பில் தளர்ந்து போவதன் ரகசியமும் இதுதான். கையால் மெதுவாக அலசி, முறுக்காமல் நிழலில் காயப் போட்டால் அதுவும் உழைக்கும்.

துவைக்கும் தண்ணீர் எங்கே போகிறது என்று இப்போது உலகம் கேட்க ஆரம்பித்திருக்கிறது. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் 2016இல் ஒரு கணக்கெடுத்தார்கள். 6 கிலோ அக்ரிலிக் துணியைச் சலவை இயந்திரத்தில் ஒரு முறை துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்ணிழைகள் தண்ணீரோடு வெளியேறக்கூடும். பாலியெஸ்டரில் ஏறத்தாழ 5 லட்சம். கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் தூசு அது. மக்காது. பழைய பாட்டிலை உருக்கிச் செய்த 'மறுசுழற்சிப் பாலியெஸ்டர்' சட்டையும் இதில் விலக்கல்ல.

அதற்காகப் பருத்தி அணியினர் மார்தட்டிக்கொள்ள முடியாது. மத்திய ஆசியாவில் ஆரல் கடல் என்று ஒன்று இருந்தது. உலகின் நான்காவது பெரிய ஏரி. அதற்குத் தண்ணீர் கொண்டு வந்த இரண்டு ஆறுகளைச் சோவியத் ஆட்சியில் பருத்தி வயல்களுக்குத் திருப்பினார்கள். 1960களிலிருந்து ஏரி வற்ற ஆரம்பித்தது. இன்று அதன் பெரும்பகுதி உப்புப் பாலைவனம், மணலில் கப்பல்கள் துருப்பிடித்து நிற்கும் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு தூரம் போவானேன், இங்கே விற்கும் பருத்தி டி-சட்டைகள் பல வந்து சேரும் திருப்பூரையே எடுத்துக்கொள்வோம். சாயக் கழிவால் நொய்யல் ஆறு கெட்டு, ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் விவசாயத்துக்கு ஆகாமல் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கிருந்த சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியே விடாமல் முழுவதும் சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்று நிபந்தனை. செடியில் பூத்தது என்பதால் ஒரு துணி சுத்தமானதாகிவிடாது.

சரி, வாங்குகிற துணி எதுவென்று தெரிந்தால்தானே இந்தக் கணக்கெல்லாம் போட முடியும்? கடைக்காரர் சொன்ன 'ஆர்ட் சில்க்' என்ற சொல்லையே பாருங்கள். ஏதோ கலைநயம் மிக்க பட்டு என்று நினைத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆர்டிஃபிஷியல், அதாவது செயற்கைப் பட்டு என்பதன் சுருக்கம் அது. முன்பு ரேயானாக இருக்கும், இன்றைக்குப் பாலியெஸ்டராகவும் இருக்கும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, ஆனால் முழுப் பெயரையும் சொல்லவில்லை. பட்டுக்கென்றே இந்தியாவில் 2004 முதல் 'சில்க் மார்க்' என்ற முத்திரை உண்டு. தூய பட்டு என்று சொல்லிப் பெரிய தொகை கேட்டால், அந்த முத்திரைச் சீட்டு எங்கே என்று தயங்காமல் கேட்கலாம்.

பாசார் மாலாமில் 'மூங்கில் துணி' என்று விற்கிறார்களே, அதுவும் இந்தக் கதைதான். மூங்கிலைக் கூழாக்கி, ரசாயனத்தில் கரைத்துச் செய்த ரேயான் அது. அமெரிக்காவில் 2009இல் வர்த்தக ஆணையம், ரேயானை மூங்கில் என்று பெயர் போட்டு விற்ற நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுத்தது. துணி மென்மையாகத்தான் இருக்கும். ஆனால், மூங்கில் காட்டின் தூய்மை அதில் மிஞ்சியிருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இழையின் குணத்தை நம் பக்கத்துப் பாத்திக்கைவிட அழகாக விளக்கக்கூடியது இல்லை. மலேசிய அரசு ஊழியர்கள் 2008 முதல் வியாழக்கிழமைகளில் பாத்திக் அணிகிறார்கள். கிளந்தானிலும் திரங்கானுவிலும் துணியில் உருகிய மெழுகால் கோலம் போடுவார்கள். பிறகு சாயம் ஏற்றுவார்கள். மெழுகு இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை எடுத்துவிடுவார்கள். இதைப் பருத்தியிலும் பட்டிலும் ரேயானிலும் செய்யலாம். பாலியெஸ்டரில் செய்ய முடியாது. பாலியெஸ்டருக்குள் சாயம் புக வேண்டுமானால் ஏறத்தாழ 130 பாகை வெப்பத்தில், அழுத்தத்தில் வேக வைக்க வேண்டும். மெழுகு அதற்கு வெகு முன்பே உருகிக் கோலம் கலைந்துவிடும். எனவே 'பாத்திக்' என்று பளபளக்கும் பாலியெஸ்டர் சட்டை கிடைத்தால், அது இயந்திரத்தில் அச்சடித்த படம்தான். விலை குறைவு என்பதற்காக வாங்கலாம், தவறில்லை. கைவேலை என்று நம்பி வாங்கினால்தான் ஏமாற்றம்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு. துணியின் உள்மடிப்பிலிருந்து இரண்டு மூன்று நூலை உருவுங்கள். ஓர் இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே நின்று தீக்குச்சியைக் காட்டுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பருத்தியும் ரேயானும் காகிதம்போல எரியும், காகித வாடையே வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பட்டும் கம்பளியும் முடி கருகும் நாற்றம் அடிக்கும், மெதுவாக எரியும், நெருப்பை எடுத்தால் பெரும்பாலும் அணைந்துவிடும். பாலியெஸ்டரும் நைலானும் முதலில் சுருங்கும், பிறகு உருகும், ஆறியதும் நுனியில் கெட்டியான மணிபோல நிற்கும். நசுக்கினாலும் உடையாது.

அந்தக் கெட்டி மணியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். நூலில் நடந்தது ஒரு குழந்தையின் பாவாடையில் நடந்தால்?

தீபாவளி வாரத்தில் வாசலில் அகல் விளக்கு, பூஜை அறையில் குத்துவிளக்கு, பிள்ளைகள் கையில் மத்தாப்பு. மத்தாப்புப் பொறியின் வெப்பம் ஆயிரம் பாகையைத் தாண்டும். பாலியெஸ்டர் 260 பாகை வாக்கில் உருகிவிடும். பொறி பட்டால் துணியில் ஓட்டை விழுவதோடு போனால் அதிர்ஷ்டம். தீப்பிடித்தால் உருகிய குழம்பு தோலில் சொட்டும், ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய இடத்தில் சூடு தணியாமல் உள்ளே போகும். 2006இல் ஈராக்கிலிருந்த அமெரிக்க மரைன் படை, முகாமைவிட்டு வெளியே செல்லும் வீரர்கள் செயற்கை இழை விளையாட்டுச் சட்டைகளைச் சீருடைக்குள் அணியக் கூடாது என்று தடை போட்டதற்குக் காரணம் இதே உருகல்தான்.

பருத்தி உருகாது. ஆனால் அது எளிதில் பற்றிக்கொள்ளும், குறிப்பாக மெல்லிய வாயில் துணியும், காற்றில் மிதக்கும் தாவணியும், தரையைக் கூட்டும் பாவாடையும். தீ கீழிருந்து மேலே ஓடும் வேகம் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இரண்டும் கலந்த துணி நடுத்தரமாக இருக்கும் என்று நினைத்தால், நெருப்பு விஷயத்தில் அந்தக் கணக்குத் தப்பு. தனியாக இருந்தால் உருகி விலகிச் சொட்டியிருக்கும் பாலியெஸ்டரை, எரிகிற பருத்தி சாரம் கட்டியதுபோல் தாங்கிப் பிடித்துக்கொள்கிறது. உருகியதும் எரிகிறது, தாங்குவதும் எரிகிறது. கடைகளில் ஷிஃபான், ஜார்ஜெட், நெட் என்று தொங்குபவை இன்று பெரும்பாலும் செயற்கை இழையே. அவற்றை அணியக் கூடாது என்பதில்லை. விளக்குப் பக்கமும் அடுப்புப் பக்கமும் போகாதபோது அணியலாம்.

பட்டு இதில் கொஞ்சம் நல்ல பிள்ளை. முடிபோலக் கருகுமே தவிர, வேகமாகப் பரவாது. பூஜைக்குப் பட்டு உடுத்தும் வழக்கம் நமக்கு இருக்கிறது. உடனே "முன்னோர் இதை அன்றே அறிந்திருந்தார்கள்" என்று முழங்க வேண்டியதில்லை. பட்டு உயர்ந்தது, மடியானது என்பதற்காக உடுத்தினார்கள். நன்மை கூடவே வந்தது. விளக்கேற்றும் நேரத்துக்குக் கனமான, நெருக்கமாக நெய்த பருத்தியும் சரிதான். தளர்ந்து தொங்காமல் தைத்திருக்க வேண்டும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்வது பாட்டிமார் செய்கிற வேலை, அதை மகளும் மருமகளும் பழகிக்கொள்ளலாம்.

மீறி நடந்துவிட்டால் ஓடக் கூடாது, ஓடினால் காற்றில் தீ வளரும். தரையில் படுத்து உருள வேண்டும், அல்லது கனத்த போர்வையால் சுற்றி அணைக்க வேண்டும். அணைந்த பிறகு, உருகித் தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்கவே கூடாது. பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். ஒட்டாத துணியையும் வளையல், கொலுசு போன்ற நகைகளையும் மட்டும் கழற்றலாம். குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் அதன் மேல் ஓட விட வேண்டும். ஐஸ் கட்டி, பற்பசை, மஞ்சள், வெண்ணெய் எதுவும் ஆகாது. சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. சின்னப் பிள்ளை என்றால் தீக்காயம் சிறியதாகத் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இனி அந்தத் துணிக்கடைக்குத் திரும்பிப் போவோம். மாமியார் இன்னும் அந்த ஜொலிக்கும் பாவாடையை விடவில்லை. சின்னவளும் அதை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், வாங்கித் தராமல் வெளியே வர முடியாது. "அண்ணே, கைத்தறிக் காட்டன்ல இவ அளவுக்குப் பாவாடை இருக்கா?" என்று அம்மா கேட்கிறார். மேல் அலமாரியிலிருந்து ஒரு கட்டு இறங்குகிறது. அரக்குச் சிவப்பு, பச்சைக் கரை. கடைசியில் இரண்டும் வாங்கப்படுகின்றன. ஜொலிப்பது காலையில் கோயிலுக்கு. கைத்தறி, விளக்கேற்றும் மாலைக்கு. அதன் அடிப்பகுதியை மூன்று விரற்கடை மடித்துத் தைக்கச் சொல்லியிருக்கிறார், கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி. மகனுக்கு இரண்டு சீருடைச் சட்டை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து எடுத்தவை. இஸ்திரி போடும் வேலை அவனுக்கே என்று முடிவாகியிருக்கிறது.